ஃபோன், டிவி, மோடம், மெயில்: டிஜிட்டல் பழக்கங்களின் சுற்றுச்சூழல் சுமையை எங்கிருந்து குறைக்க ஆரம்பிப்பது? முழுமையான வழிகாட்டி

டிஜிட்டல் பழக்கங்களால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று பேச்சு வந்தாலே முதலில் வருகிற அறிவுரை 'பழைய மெயில்களை அழியுங்கள்' என்பதுதான். 2025 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தில் வறட்சி வந்தபோது அரசுத் தரப்பிலேயே இதைச் சொன்னார்கள்: மெயிலும் படமும் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர்கள் நிறைந்த டேட்டா சென்டர்களைக் குளிர்விக்கத் தண்ணீர் செலவாகிறது, அதனால் பழைய மெயில்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள் என்று. அதே பட்டியலில் ஒழுகும் கழிப்பறைத் தொட்டியைச் சரிசெய்யுங்கள் என்றும் ஒரு வரி இருந்தது. அந்தத் தொட்டியைச் சரிசெய்தால் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் மிச்சம், மெயிலை அழித்தால் கணக்கில் வராத சொட்டு. விஷயம் தெரிந்தவர்கள் அன்றே இதை எடுத்துச் சொன்னார்கள்.

நல்லது செய்ய நினைக்கிறவர்களுக்கு இருப்பதே வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை மெயில் அழிப்பதில் விட்டுவிட்டால் உண்மையில் கை வைக்க வேண்டிய இடம் அப்படியே இருந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியைப் பலன் அதிகமுள்ள இடத்திலிருந்து ஆரம்பித்துக் குறைவான இடத்துக்கு வருகிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் அதற்கும் முன்னால், ஏனென்றால் அளந்து பார்க்காமல் எதையும் குறைக்க முடியாது.

முதல் படி: மீட்டர் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள்

ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 3200 அல்லது 1600. ஒரு யூனிட் கரண்டு ஓடினால் அந்த விளக்கு எத்தனை தடவை மின்னும் என்பதுதான் அந்த எண். 3200 என்று போட்டிருந்தால், ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று ஃபோன் ஸ்டாப்வாட்சில் பார்த்து, 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 1600 என்றால் 2250ஐ வகுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை மறுபடி விநாடியால் வகுங்கள்.

இதை ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் செய்யுங்கள். விளக்கு, ஃபேன், ஏசி எல்லாம் அணைத்தபின், ஃப்ரிட்ஜையும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். கரண்டு போய் வந்த நாளில் செய்ய வேண்டாம், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், கணக்கு தப்பாகிவிடும்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி, மீட்டர் கீழே படிக்கட்டுக்கு அடியில். நான் கீழே நிற்க, தம்பி மேலே ஃபோனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக அணைத்தான். வீட்டில் 'எதுவுமே ஓடவில்லை' என்கிற நிலையில் 36 விநாடிக்கு ஒரு மின்னல். அதாவது 31 வாட். "அண்ணா, செட்டாப் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிட்டேன், பாரு" என்றான். மின்னல் 55 விநாடிக்கு ஒன்றாகத் தள்ளிப்போனது, அப்படியென்றால் 11 வாட் அந்தப் பெட்டி மட்டும் இழுத்திருக்கிறது. டிவி அணைந்துதான் இருந்தது, ரிமோட்டில் செட்டாப் பாக்ஸையும் அணைத்துத்தான் இருந்தோம். அப்புறம் வைஃபை மோடம், அது 8 வாட். மிச்சம் 12 வாட்டில் பெரும்பங்கு இன்வெர்ட்டர்.

31 வாட் என்றால் ஒரு குண்டு பல்பு அளவுகூட இல்லை. ஆனால் ராப்பகலாக இரண்டு மாசம் ஓடினால் 45 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை யாரும் தொடாத பெட்டிகளே தின்றுவிடுகின்றன. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது, ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. 45 யூனிட்டுக்கு 31 கிலோ, அதுவும் இரண்டே மாசத்தில்.

இதோடு ஃபோனை ஒப்பிட்டுப் பாருங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி முழுசாக ஏற, சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால், சுமார் 25 வாட்-மணி. நாற்பது தடவை சார்ஜ் போட்டால்தான் ஒரு யூனிட். தினமும் போட்டாலும் வருஷத்துக்கு 9 யூனிட்தான். அந்த ஒரு செட்டாப் பாக்ஸ் சும்மா இருந்தே வருஷத்துக்கு 96 யூனிட் எடுக்கிறது, பத்து ஃபோன்களின் சார்ஜ் அது.

இரண்டாம் படி: எப்போதும் ஓடுகிற பெட்டிகளுக்கு ஒரு சுவிட்ச்

இது சுலபம், ஒருநாள் வேலை. டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, அந்தப் போர்டைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் யாரும் அணைக்க மாட்டார்கள், எங்கள் வீட்டில் முதல் ஒரு மாசம் அப்படித்தான் போனது. காலையில் போட்டால் செட்டாப் பாக்ஸ் எழுந்து வர ஓரிரு நிமிஷம் எடுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதை முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கேபிள்காரருக்கு ஃபோன் போட்டுவிடுவார்கள்.

மோடத்தை ராத்திரி 11 முதல் காலை 6 வரை அணைத்தால் வருஷத்துக்கு 20 யூனிட் மிச்சம். வீட்டில் சிசிடிவி கேமரா இருந்தாலோ யாராவது இரவு ஷிப்ட் வேலை பார்த்தாலோ விட்டுவிடுங்கள். ஸ்மார்ட் டிவியில் 'குவிக் ஸ்டார்ட்' மாதிரி ஓர் அமைப்பு இருக்கும், போட்டவுடன் படம் வர வேண்டும் என்று அணைத்தபின்னும் கரண்டு இழுப்பது அது, அதை நிறுத்துங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் 50, 60 வாட் ஓடும், பத்து நிமிஷத்தில் தானே தூங்குகிற மாதிரி ஸ்லீப் வையுங்கள்.

சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்டு போகிறது என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். நல்ல கம்பெனி சார்ஜர் ஃபோன் மாட்டாமல் இருக்கும்போது எடுப்பது வருஷத்துக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இடி மின்னலுக்குப் பயந்து பிடுங்கினால் சரி, கரண்டுக்காக என்றால் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள்.

மூன்றாம் படி: கையில் இருக்கும் ஃபோனை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுங்கள்

அந்தப் பெட்டிகளுக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுதான், விட்டுவிடாதீர்கள்.

ஐஃபோன் 13க்கு ஆப்பிளே வெளியிட்ட கணக்கில், அதன் முழு ஆயுளுக்கும் சேர்த்து 64 கிலோ கரியமில வாயு. அதில் 81 சதவீதம், அதாவது 52 கிலோ, அது கடைக்கு வருவதற்கு முன்பே தயாரிப்பில் முடிந்துவிடுகிறது. நம்மூரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பாகங்களைச் சேர்த்து ஐஃபோன் பூட்டுகிறார்கள், ஆனால் பாரம் அந்தப் பூட்டுகிற வேலையில் அவ்வளவு இல்லை. சிப் செய்யும் ஆலைகளிலும் டிஸ்ப்ளேயிலும் அலுமினியம் உருக்குவதிலும்தான் பெரும்பகுதி. ஃபோனை இரண்டு வருஷத்தில் மாற்றினால் வருஷத்துக்கு 26 கிலோ, ஐந்து வருஷம் ஓட்டினால் சுமார் 10 கிலோ. நம் ஊர்க் கரண்டில் வருஷம் முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ஆறரை கிலோவைத் தாண்டாது. மற்றக் கம்பெனி ஃபோன்களுக்கு எண் கொஞ்சம் மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

சரி, ஃபோனை ஏன் மாற்றுகிறோம்? சார்ஜ் நிற்கவில்லை, ஸ்லோவாகிவிட்டது, ஸ்டோரேஜ் ஃபுல், திரை உடைந்துவிட்டது. இந்த நான்குக்கும் புது ஃபோன் தேவையில்லை.

அம்மாவின் ஃபோன் நான்கு வயசு. மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், பவர் பேங்கோடுதான் கோயிலுக்கே போவார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பின்பக்கத்தை ஹீட்டரில் காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து நாலு பக்கமும் சுற்றித் திறந்தார். பேட்டரி நடுவில் லேசாக மேடு தட்டியிருந்தது. "பாருங்கம்மா, உப்ப ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா டிஸ்ப்ளேவைத் தள்ளியிருக்கும், அப்புறம் டிஸ்ப்ளே, டச் ரெண்டும் சேர்ந்த காம்போவையே மாத்தணும்" என்றார். அம்மா தயங்கித் தயங்கி, "புதுசே வாங்கிடலாமாப்பா?" என்று கேட்டார். "எதுக்கும்மா, போர்டு நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்." இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது, 1,400 ரூபாய். அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பேட்டரி மாற்றப் போகும்போது கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் விலை கேட்டுவிடுங்கள், சில மாடல்களுக்கு வித்தியாசம் அதிகம் இருக்காது. வெளியில் மாற்றினால் திறந்து மூடியபின் தண்ணீர் புகாத தன்மை போய்விடும் என்று வைத்துக்கொண்டு கவனமாக இருங்கள். பில்லும், குறைந்தது மூன்று மாச வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க முக்கியமானது சூடு படாமல் பார்த்துக்கொள்வது. பைக் ஹோல்டரில் வெயிலில் மாட்டிக்கொண்டு மேப் பார்ப்பது, கார் டேஷ்போர்டில் விடுவது, தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, இந்த மூன்றும்தான் நம்மூரில் பேட்டரியைத் தின்கின்றன. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல ஃபோன்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஸ்லோவாவதற்குப் பெரும்பாலும் ஸ்டோரேஜ் நிரம்பியதுதான் காரணம். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நம் ஆட்களின் ஃபோனை அடைப்பது பூவும் சாமி படமும் போட்ட காலை வணக்கம்தான். வாட்ஸப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் நிறுத்துங்கள். அதே இடத்தில் மேனேஜ் ஸ்டோரேஜைத் திறந்தால் எந்த குரூப் எத்தனை ஜிபி என்று பெரிசிலிருந்து சிறிசாக வரிசையில் காட்டும், முதல் ஐந்தை மட்டும் சுத்தம் செய்தாலே போதும். மெயில் அழிப்பதைப் பற்றி மேலே அப்படிச் சொல்லிவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே அழித்தால் ஃபோனின் ஆயுள் கூடுகிறது.

ஓர் எச்சரிக்கை. செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன ஃபோனில் ஜிபே, பேங்க் ஆப் வைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டுக் கேட்கவும் குழந்தைகளுக்கு வீடியோ போடவும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஃபோன் வாங்கும்போது கேமராவுக்கு முன்னால் 'எத்தனை வருஷம் அப்டேட்' என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8லிருந்தும் சாம்சங் கேலக்ஸி எஸ் 24லிருந்தும் ஏழு வருஷம் தருகிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் குறைந்தது ஐந்து வருஷ அப்டேட், ஏழு வருஷத்துக்கு உதிரி பாகம் என்று சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கினார்கள். சட்டமாக இன்னும் வரவில்லை, வர வேண்டும்.

லேப்டாப்புக்கும் இதே பாடம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டேன் என்கிற நல்ல மெஷின்கள் லட்சக்கணக்கில் குப்பைக்குப் போகக் காத்திருக்கின்றன. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகூடப் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்கிற சேமிப்புத் தகடு சின்னதாக ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள். தமிழ் டைப்பிங், பிரௌசர், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓடும். காலேஜ் படிக்கும் பிள்ளைக்கு அது தாராளம்.

நான்காம் படி: எந்தத் திரையில் பார்க்கிறோம்?

2019இல் பிரான்ஸின் ஷிஃப்ட் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, அரைமணி நேரம் ஆன்லைனில் வீடியோ பார்த்தால் 1.6 கிலோ கரியமில வாயு என்று சொல்ல, உலகம் முழுக்க அது செய்தியாக ஓடியது. பிட்டையும் பைட்டையும் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) குழப்பிக்கொண்டதில் வந்த எட்டு மடங்குப் பிழை அது என்று 2020இல் அவர்களே திருத்தினார்கள். சர்வதேச எரிசக்தி முகமை போட்ட கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம்தான் உலகச் சராசரி. நிலக்கரி அதிகமுள்ள நம் நாட்டில் கூடும். அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, செலவாகும் மின்சாரத்தில் 72 சதவீதம் நாம் பார்க்கும் கருவியே எடுக்கிறது, நெட்வொர்க் 23, டேட்டா சென்டர் வெறும் 5. ஒரு 50 இஞ்ச் டிவி ஸ்மார்ட்ஃபோனைப் போல் சுமார் நூறு மடங்கு கரண்டு எடுக்கும்.

அதனால் வீடியோவின் தரத்தைக் குறைப்பதைவிட, பார்க்காத டிவியை அணைப்பதில்தான் பலன். காலையில் பக்திப் பாட்டுக்காக டிவியில் யூடியூபைப் போட்டுவிட்டு எல்லோரும் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கிற வீடுகள் எத்தனை! அந்தப் பாட்டு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஐந்து வாட்டில் ஓடும். வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் இன்னும் நல்லது. குடும்பமாக நாலு பேர் ஒரு டிவியில் பார்ப்பது நல்ல விஷயம்தான், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. பிக்சர் மோடு 'விவிட்' என்று இருந்தால் மாற்றி, வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்தது அது, வீட்டு ஹாலுக்குத் தேவையில்லை.

குழந்தை ஒரே வீடியோவை நாளுக்கு இருபது தடவை பார்க்கும். வைஃபையில் ஒருதடவை டவுன்லோடு செய்து வைத்துவிடுங்கள், மொபைல் டேட்டாவில் மறுபடி மறுபடி இழுப்பதைவிட மேல். ரயில் பயணத்துக்கும் இதேதான். திரையின் பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் மோடு பற்றியும் கேட்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் தனியாக ஒளிரும் ஓஎல்இடி திரை இருந்தால்தான் பலன், அதுவும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது நாம் வழக்கமாக வைக்கும் வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமானது.

ஐந்தாம் படி: மெயில், கிளவுட், ஏஐ

'கிளவுட்' என்றால் வானத்தில் இல்லை, சென்னையில் என்றால் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் நிற்கிற கட்டடங்கள். இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் இது, அதனால் டேட்டா சென்டர்களும் இங்கே வருகின்றன. இந்த வெயிலில் அவற்றைக் குளிர்விப்பது லேசான காரியமில்லை. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆரில் ஐடி கம்பெனிகளே ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன ஊரில் இதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. உலக மின்சாரத்தில் 2024இல் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது, 2030க்குள் அவை எடுக்கும் மின்சாரம் இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்று எரிசக்தி முகமை சொல்கிறது.

ஆனாலும் தனி ஆளாக நீங்கள் மெயிலை அழித்து அதை மாற்ற முடியாது. சும்மா கிடக்கும் ஃபைலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்ய வேண்டியது, புதுசாகச் சேர்வதைக் குறைப்பது. வேண்டாத விளம்பர மெயில்களுக்கு அன்சப்ஸ்கிரைப் கொடுங்கள். ஃபோட்டோ பேக்கப்பில் வாட்ஸப் படங்களின் ஃபோல்டரை விலக்குங்கள். வாட்ஸப் பேக்கப்பில் வீடியோவை நிறுத்துங்கள், அது இப்போது கூகுளின் 15 ஜிபி கணக்கிலேயே சேர்வதால் உங்களுக்கும் காசு மிச்சம்.

ஏஐக்கும் இதே அளவில் பாருங்கள். 2025 ஆகஸ்ட்டில் கூகுள் சொன்ன கணக்குப்படி அவர்களுடைய ஏஐயான ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் நடுத்தரமான கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி. நூறு கேள்வி கேட்டால் ஒரு ஃபோன் சார்ஜ். இது அந்தக் கம்பெனியே சொன்ன எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ உருவாக்கச் சொல்வது இதைவிடப் பல மடங்கு. பொங்கல் வாழ்த்துக்கு இருபது வீடியோ உருவாக்கி ஒன்றை அனுப்புவதைத் தவிர்க்கலாம், சந்தேகம் கேட்பதற்கு யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: டிராயரில் கிடக்கும் பழைய ஃபோன்கள்

2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மற்றதில் நிறையக் காயலான் கடை வழியாகப் போய், செம்புக்காக வயரை எரிப்பதிலும் தங்கத்துக்காக போர்டை ஆசிடில் ஊறவைப்பதிலும் முடிகிறது. அந்தப் புகையையும் ஈயத்தையும் சுவாசிப்பது அங்கே கூலிக்கு வேலை பார்க்கும் மனிதர்கள். எனக்கு இந்தப் படிதான் மனசுக்கு நெருக்கமானது, வீட்டு டிராயரிலிருந்து நேராக ஒருவரின் நுரையீரலுக்குப் போகும் பாதை இது.

டிராயரைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். ஓடுகிறதை முதலில் யாருக்காவது கொடுங்கள், ஃபோன் டிராயரில் தூங்கும் ஒவ்வொரு வருஷமும் அதன் பயன் குறைகிறது. கொடுப்பதற்கு முன் ஃபோட்டோக்களை எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் கூகுள் அக்கவுன்ட்டை நீக்கிவிட்டு, அப்புறம் ஃபேக்டரி ரீசெட். ஆண்ட்ராய்டில் இந்த வரிசை மாறினால் அடுத்தவர் கையில் உங்கள் பாஸ்வேர்டு கேட்டு ஃபோன் பூட்டிக்கொள்ளக்கூடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுக்க மறக்காதீர்கள்.

ஓடாததைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒப்படையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும், அதனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. அபார்ட்மென்ட்டில் இருந்தால் அசோசியேஷனில் சொல்லி வருஷத்துக்கு ஒருநாள் எல்லா வீட்டிலும் சேர்த்துவிடலாம், அளவு கூடினால் மறுசுழற்சி நிறுவனமே வண்டி அனுப்ப வாய்ப்புண்டு.

உப்பிய பேட்டரி இருந்தால் அதை மட்டும் தனியாக வையுங்கள். குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. குப்பைத்தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவில் உலர்ந்த மணல் போட்டு, அதில் வைத்து, மூடியை இறுக்காமல், வெயில் படாத பால்கனி மூலையில் வைத்துவிட்டு, அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.